கையெழுத்துப் போடாத கடன்

என் பெயரில், எனக்கே தெரியாமல், முப்பது வருடமாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் என் வீட்டுக்காரி. ஜாமீன் கிடையாது, கையெழுத்துக் கிடையாது, ஆதார் நகல் கிடையாது. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டால் தீர்ந்தது. கடன் கொடுப்பவள் இருக்கன்குடி மாரியம்மன். வட்டி கேட்க மாட்டாள், ஆள் அனுப்ப மாட்டாள், ஜப்தி நோட்டீசும் வராது. ஆனால் நான் குளியலறையில் வழுக்கினாலோ, மிக்சி ஓடாமல் முரண்டு பிடித்தாலோ அடுக்களையிலிருந்து அசரீரி மட்டும் கேட்கும்: “பாத்தீங்களா, அந்த நேர்த்தி இன்னும் பாக்கி நிக்குது.”

நேர்த்திக்கடன் என்ற சொல்லுக்குள்ளேயே கடன் உட்கார்ந்திருப்பதை நான் கவனித்ததே இல்லை. கவனித்திருக்க வேண்டியவன். கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்துகிற வேலை. நீங்கள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கிழித்துக் கசக்கி எறிகிற தாளை, அதற்கு முந்தைய வருடமே ஒருவன் மூன்று தடவை படித்திருப்பான். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், அதற்குப் பரிகாரம், யாருக்குச் சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன். என் ராசிக்கு எந்தத் தாளைத் திருப்பினாலும் ‘செலவு’ என்றே இருக்கும். பிழை என்று அடிக்க ஆசையாக இருக்கும், அனுபவம் தடுத்துவிடும்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். ஆகவே எங்கள் வருடம் ஊர் வருடத்துக்கு முன்னால் ஓடும். சுற்றுப்பட்டி முழுக்க இந்தத் தீபாவளிக்குச் சரம் பின்னிக்கொண்டிருக்கும்; நான் அடுத்த பொங்கலில் உட்கார்ந்து கரிநாள் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்பேன். தமிழ்நாட்டுக்கே கிழமை சொன்னவன் கேட்கிற கேள்வியா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அப்போதே எதையோ நேர்ந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

முப்பது வருடத்தில் நான் கோட்டைவிட்டது ஒன்றே ஒன்று. தாளின் அடியில் இடம் மிஞ்சினால் ஒரு பழமொழி போடுவோம். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று போக வேண்டியது, ‘பெருத்தார் பூமி ஆள்வார்’ என்று அச்சேறி ஊர் ஊராகப் போய்விட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம். ஆனால் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ஒரு மிட்டாய்க் கடையில் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்யப்பார்த்து, கடைசி நிமிடத்தில் தப்பினேன். மாதக் காலண்டருக்கு இருக்கன்குடி மாரியம்மன் படம் வந்தது. மற்ற அம்மன்கள் இடக்காலை மடித்து வலக்காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் படத்தில் வலக்கால் மடிந்திருக்கிறது, இடக்கால் தொங்குகிறது. விடுவேனா? சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘படம் இடவலம் மாறியுள்ளது, திருப்பிப் போடவும்’ என்று எழுதி அனுப்பினேன். போர்மேன் நேரில் வந்தார். “அண்ணாச்சி, படம் மாறல. அந்த ஆத்தா அப்பிடித்தான் உக்காந்திருக்கா. உங்களுக்குப் பொண்ணு எடுத்தது எந்த ஊரு?” என்றார். பெண் எடுத்தது இருக்கன்குடியில்தான். மாமனார் ஊர்ச் சாமி எந்தக் காலை மடித்திருக்கிறாள் என்பது தெரியாமல், ஊர் உலகத்துக்குச் சூலம் எந்தத் திசை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊருக்கே வந்து சேர்ந்தோம். மாமனார் வீடு பூட்டிக் கிடந்தது. இருபத்தைந்து வயதில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனை ஊர் கேலி செய்யும். அறுபதில் போகிறவனை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் இன்றைக்கும் “புது மருமகன்” என்றே சொல்கிறது.

சாத்தூரிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம். இரண்டு கங்கை கூடுகிற இருகங்கைக்குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் இரண்டு கங்கையிலும் மணல்தான் ஓடும். இரண்டையும் சேர்த்து மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் ஊரே போய்க் கரையில் நின்று, சொந்தக்காரர் வந்த மாதிரி பார்த்துவிட்டு வரும்.

கோயில் வந்த கதையும் மணலிலிருந்துதான். சாணி பொறுக்கப் போன ஒரு சிறு பெண் கூடையை ஆற்று மணலில் இறக்கி வைத்தாள். திரும்பத் தூக்கப் பார்த்தால் கூடை அசையவில்லை. ஊர் கூடியது. அந்தப் பெண்ணுக்கே அருள் வந்து, கூடை இருக்கிற இடத்துக்குக் கீழே நான் இருக்கிறேன் என்று அம்மன் சொன்னாள். தோண்டினால் சிலை. பாளையக்காரர் கனவிலோ மன்னர் கனவிலோ வராமல், சாணிக் கூடைக்கு அடியில் இருந்துகொண்டு ஆளைக் கூப்பிட்ட சாமி. இந்தக் கதையை என் வீட்டுக்காரி சொல்லி முடித்ததும் நான், “கூடையில் சாணி எவ்வளவு இருந்தது?” என்று கேட்டேன். கணக்குப் பார்க்கிற புத்தி. அதற்கும் அன்றைக்கே ஒரு ரூபாய் முடிந்திருப்பாள்.

இங்கே குடிவந்த பிறகு ஒன்று தெரிந்தது. தூத்துக்குடி, கோவில்பட்டி, திருநெல்வேலிப் பக்கமிருந்தெல்லாம் ஜனம் சிவப்பும் மஞ்சளும் கட்டிக்கொண்டு ராவும் பகலும் நடந்து வருகிறது. எங்கள் தெற்குத் தெருவிலிருந்து கோயிலுக்கு நான் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் எங்கள் வாசல் பஸ் நிலையம் மாதிரி இருக்கும். திண்ணையில் யாராவது கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். “அய்யா, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிடட்டுமா?” “அக்கா, பிள்ளைக்குக் கொஞ்சம் வெந்நீ.” “அண்ணாச்சி, உங்க வீட்டுக் கக்கூசு...” முதல் கரண்டு பில் வந்ததும் நான் திண்ணையில் இருந்த பிளக்கில் ஸ்டிக்கர் ஒட்டி மூடினேன். மறுநாள் பார்த்தால் ஸ்டிக்கர் இல்லை. ஒன்றுக்கு மூன்றாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்குகிறது. வீட்டுக்காரி சாத்தூரில் வாங்கி வந்து மாட்டியிருக்கிறாள். “அவ வீட்டுக்கு வந்த ஆளுங்க. நம்ம வாசல்ல நின்னு கேக்காங்கன்னா நமக்குக் குடுத்து வச்சிருக்கணும்” என்றாள். கொடுத்து வைத்தது அவள். கட்டணம் கட்டுவது நான்.

ஆனால் திண்ணையில் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் பொழுது போகும். புது மொட்டைக்குச் சந்தனம் பூசிய கைக்குழந்தை, தன் தலையைத் தானே தடவித் தடவித் திகைக்கும். கரும்பை வளைத்துச் சேலைத் தொட்டில் கட்டி, அதற்குள் பிள்ளையைப் போட்டு, புருசன் ஒரு முனையும் பொண்டாட்டி ஒரு முனையுமாகத் தூக்கிப் போவார்கள். அந்தப் புருசன் நடையைப் பார்த்தால் பிள்ளையைப் பெற்றதே அவன்தான் என்று தோன்றும். அக்னிச் சட்டி ஏந்திய பெண்ணுக்கு முன்னால் வேப்பிலையால் விசிறிக்கொண்டு ஓடுகிற பையன், பின்னால் எல்.ஆர். ஈஸ்வரி குரலைச் சுமந்துகொண்டு ஓர் ஆட்டோ, அதற்கும் பின்னால் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலமும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொண்டு நிதானமாக வருகிற மாமனார். பக்தியின் வேகம் வயதுக்கு வயது மாறும்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் எதுவும் சரியாகத் தெரியவில்லை. முதலில் நான் காலண்டரைக் குறை சொன்னேன். “நான் வந்தப்புறம் மையில் தண்ணி கலக்குறாங்க. பார், எழுத்தெல்லாம் வெளுத்துப் போச்சு.” பிறகு பல்பைக் குறை சொன்னேன். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை. கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்து, “வாங்க மாமா” என்று நான் எழுந்து நின்ற அன்று, வீட்டுக்காரி என்னை மதுரைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை.

கண் என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு முகவரி. ஒன்று இருக்கன்குடி. கண்வலி, பார்வைக் குறை என்றால் இங்கே வந்து நேர்ந்துகொண்டு, சரியானதும் தகட்டில் செய்த கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். இன்னொன்று மதுரை. எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, பிறகு உலகமே வந்து பார்க்கிற அளவுக்கு வளர்ந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் செய்தது அது. நான் செய்தது பிளக்கில் ஸ்டிக்கர் ஒட்டியது. அம்மனும் டாக்டரும் கரிசல்காட்டு ஆட்கள் என்பதால் என் வீட்டுக்காரிக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. “கண்ணத் தொறக்கிறது டாக்டரு. டாக்டரு கைய நிதானமா வச்சுக்கிடுறது ஆத்தா.”

குழப்பம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது, சொட்டு மருந்து தவிர எதுவும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். “டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்றேன், முதல் தடவையாக ஒரு சட்டப் பாதுகாப்போடு. அவள் கொஞ்சம் யோசித்தாள். “கண்ணுலதான விடக் கூடாதுன்னார்?” என்று கேட்டுவிட்டு, ஸ்டூலில் இருந்த என் கறுப்புக் கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தெளித்துத் துடைத்து மாட்டிவிட்டாள். அரவிந்தும் இருக்கன்குடியும் என் மூக்கின் மேல் சமாதானமாயின.

பார்வை வந்துவிட்டது. வந்த பார்வையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பது வருடமாகத் தப்புக் கண்டுபிடித்தே பழகிய கண். வீட்டில் ஒட்டடை தெரிந்தது, சுவரில் விரிசல் தெரிந்தது, சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் முடிச்சுகள் தெரிந்தன. ஒன்று இரண்டு அல்ல. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி.

“இதெல்லாம் என்ன?”

“நேர்த்தி.”

“இவ்வளவா? எவ்வளவு பாக்கி?”

“அதெல்லாம் எண்ணுவாங்களா?”

எண்ணுவோம் என்றேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்து மூன்று கட்டம் போட்டேன்: கேட்டது, கிடைத்தது, கொடுக்க வேண்டியது. ஒரு காலத்தில் சாத்தூர் என்றாலே பேனா நிப்புத்தான். அந்த நிப்புப் போட்ட என் பழைய சிவப்பு மைப் பேனாவை எடுத்து மை நிரப்பினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு துண்டுச் சீட்டுப் பார்க்கவில்லை. மூத்தவன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு மாவிளக்கு. ஸ்கூட்டர் திருடுபோனபோது பொங்கல். ஸ்கூட்டர் திருடுபோகவில்லை, நான்தான் வேறு தெருவில் நிறுத்திவிட்டு மறந்தேன் என்று தெரிந்ததும் இன்னொரு பொங்கல். சின்னவள் பிரசவத்துக்கு அக்னிச் சட்டி. எனக்கு டைபாய்டு வந்தபோது எனக்கு மொட்டை. ‘பெருத்தார் பூமி ஆள்வார்’ சமயத்தில் வேலை போகாமல் இருக்க ஓர் ஆயிரங்கண் பானை. என் இரண்டு கண் விட்ட ஒரு பிழைக்கு ஆயிரம் கண் வைத்து ஒரு பானை, கணக்கு சரிதான்.

கூட்டிப் பார்த்தேன். மாவிளக்கு 6, பொங்கல் 7, மொட்டை 5, கண்மலர் 4, அக்னிச் சட்டி 2, ஆயிரங்கண் பானை 2, உருண்டு கொடுப்பது 1. மொத்தம் 27.

“உருள்றது யாரு?”

“நீங்கதான். அங்கப்பிரதட்சணம்.”

“எதுக்கு?”

“நீங்க இந்த ஊருக்கு வர ஒத்துக்கிட்டதுக்கு.”

2025 ஆடியில் ஐந்து வெள்ளிக்கிழமை. ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 15. இருக்கன்குடியின் பெரிய நாள். அதற்குள் 27-ஐயும் அடைத்து, சுதந்திர தினத்தன்று கடன் இல்லாத மனிதனாக எழுந்து நிற்பது என்று திட்டம் போட்டேன். செலவைக் குறைக்கச் சில யோசனைகளும் சொன்னேன். ஏழு பொங்கலை ஏழு பானையில் வைப்பதற்குப் பதில் ஒரே பெரிய பானையில் வைத்தால் என்ன? “ஆத்தா என்ன ஜி.எஸ்.டி. ஆபீஸா?” என்றாள். ஏழு பானை வைத்தோம். ஒரு வாரத்துக்குத் தெற்குத் தெருவில் யாரும் காலையில் இட்லி அவிக்கவில்லை.

மொட்டைக்கு முடியெடுக்கும் இடத்துக்குப் போனேன். டைபாய்டு வந்த வயதில் எனக்குத் தலை நிறைய முடி. நேர்ந்த பிறகு நான் கொடுக்கத் தாமதித்தேனே தவிர, அம்மன் தாமதிக்கவில்லை. வருடத்துக்குக் கொஞ்சமாகத் தவணையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு காதுக்கு மேலும் எல்லைக் கல் மாதிரி கொஞ்சம் நரை மட்டும் பாக்கி. முடியெடுக்கிறவர் தண்ணீர் தெளிக்கப் போய், கையை நிறுத்தி என் தலையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணாச்சி, எங்க ஆரம்பிக்க?”

“இருக்கிற எடத்துல.”

“இருக்கிற எடத்தத்தான் தேடுறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; கத்தி தலையில் இருக்கும்போது ரோஷப்படக் கூடாது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. கட்டணம் எவ்வளவு என்று பையில் கைவிட்டேன். கோயில்களில் முடிக் காணிக்கைக்குக் கட்டணத்தை 2021-இலேயே அரசாங்கம் எடுத்துவிட்டது என்று நினைவூட்டிவிட்டு, “எடுக்காம இருந்தாலும், உங்ககிட்ட வாங்கினா எனக்குப் பாவம்லா” என்றார்.

உருண்டது அதற்கு அடுத்து. ஈர வேட்டியோடு படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, மைத்துனன் இடுப்பைத் தள்ளிவிட உருண்டேன். முதல் திருப்பத்தில் வானம் தெரிந்தது, இரண்டாவதில் மணல், மூன்றாவதில் ஒரு கிழவியின் பாதம், நான்காவதில் மறுபடி வானம். எனக்கு முன்னால் ஒல்லியான பையன் ஒருவன் உருளை மாதிரி போய்விட்டான். நான் சாக்கு மூட்டை மாதிரி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ‘தொப்’ என்று விழுந்தேன். பெருத்தார் பூமி ஆள்வார் என்று அச்சடித்தவன், பூமியை ஒரு சுற்று அளந்தேன். எழுந்தபோது தலை சுற்றி யாரையோ பிடித்தேன். அவர், “சாமி வந்திருக்கு, விடுங்க, விடுங்க” என்று இடம் விலக்கிவிட்டார். வந்தது சாமி இல்லை, பித்தம். சொன்னால் யார் கேட்கிறார்கள்? இரண்டு பேர் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். ஒருவர் வேலை கிடைக்குமா என்று கேட்டார். காலண்டர் பழக்கத்தில் “ஆதாயம்” என்றேன்.

ஆகஸ்ட் 14 வியாழன் சாயங்காலம் நோட்டில் 25 அடித்தாயிற்று. மிச்சம் இரண்டு ஆயிரங்கண் பானை. மறுநாள் அவள் எடுப்பதாக ஏற்பாடு. ஊர் கொள்ளாத கூட்டம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர், “அய்யா, கிடாயக் கொஞ்ச நேரம் உங்க கேட்டுல கட்டிக்கிடட்டுமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து “கட்டுங்க, கட்டுங்க” என்று உத்தரவு வந்துவிட்டது. கயிறு நீளம். கிடாய் படியேறித் திண்ணைக்கு வந்தது. திண்ணைத் தூணில் என் பழைய அச்சகத்துக் காலண்டர் தொங்கியது. வருடாவருடம் எனக்கு இலவசமாக வருகிற ஒரே மரியாதை அது.

நான் பார்த்தபோது கிடாய் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஒரு ராகு காலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 14-இல் ஆரம்பித்துச் சுதந்திர தினம், பிள்ளையார் சதுர்த்தி, சரஸ்வதி பூஜை, அக்டோபர் 19 வரை 67 தாள். அக்டோபர் 20 தீபாவளித் தாளில் ஒரு மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தது. சிவகாசிச் சீமையில் ஆட்டுக்குக்கூடத் தெரிகிறது, எதில் வாய் வைக்கக் கூடாதென்று. மறுநாள் தன் கதை என்ன என்று தெரியாமல் அது இரண்டு மாதத்துக்கு நாளைத் தின்று வைத்திருந்ததைப் பார்த்து, எனக்குக் கோபம் வரவில்லை. நான் வேலை பார்த்த முப்பது வருடம் ஞாபகம் வந்தது.

பெரியவர் பதறிப்போய் நூறு ரூபாயை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்கியிருப்பேன், வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. மூன்று மணி இருக்கும். திண்ணையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தனியாக உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சுக் கொடுத்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம். பயர் ஆபீசில் பட்டாசு வேலை. விரல் நுனியிலும் நகத்திலும் குளித்தாலும் போகாத வெள்ளிப் பூச்சு தெருவிளக்கில் மினுங்கியது. எனக்கு நோட்டுப் புத்தி.

“என்ன நேர்த்திம்மா?”

“ஒண்ணும் நேரலண்ணே.”

“ஏதாச்சும் கேட்டு வந்திருப்பீங்கள்ல?”

“கேக்கலண்ணே.” காப்பியை ஊதினாள். “காலைல தூக்குவாளியோட போறேன். சாயந்தரம் தூக்குவாளியோட திரும்பி வர்றேன். எங்கூட வேல பாத்ததுல எல்லாரும் வரல. அதான், வருசத்துக்கு ஒருக்கா நடந்து வந்து, ‘வந்துட்டேன், ஆத்தா’ன்னு சொல்லிட்டுப் போறது.”

காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டாள். என் நோட்டை விரித்துப் பார்த்தேன். கேட்டது, கிடைத்தது, கொடுக்க வேண்டியது. அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. நானும் முப்பது வருடம் காலையில் தூக்குவாளியோடு போய்ச் சாயங்காலம் திரும்பினவன்தான். என்ன கிழமை என்றுதான் கேட்டேனே தவிர, வந்துவிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்தது. கொடியேற்றத்துக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, வேப்பிலைக் கூட்டத்துக்குள் புகுந்து வழி தேடிப் போனார்கள். வீட்டுக்காரி ஆயிரங்கண் பானையைத் தலையில் வைத்தாள். உள்ளே விளக்கு, ஓட்டைக்கு ஓட்டை வெளிச்சம். அவளுக்குப் பின்னால் இரண்டாவது பானையோடு அவள் தங்கச்சி. நான் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டே போய்ச் சன்னதியில் நிறுத்தியது. புதுக் கண்ணால் நன்றாகப் பார்த்தேன். வலக்கால் மடிந்திருந்தது. இடக்கால் தொங்கிக்கொண்டிருந்தது. சரியாகத்தான் இருந்தது.

மதியம் அந்தத் தூத்துக்குடிக் குடும்பம் ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பியது. என்னுடைய 67 நாளும் இப்படித் திரும்பி வந்தன. கொழுப்புக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டேன். பிறகு, துண்டு குழம்புக்குள் தானாக வந்தால் நான் என்ன செய்வது?

சாயங்காலம் நோட்டை எடுத்துக் கடைசி இரண்டையும் அடித்து, அடியில் இரட்டைக் கோடு போட்டு, அவளிடம் காட்டினேன். “பாத்தியா? 27-க்கு 27. ஒரு பைசா பாக்கியில்லை. இனிமே நீ நிம்மதியா இருக்கலாம்.”

அவள் சந்தோஷப்படவில்லை. நோட்டையும் என் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் முடிச்சுட்டீங்களா?”

“முடிச்சாச்சு.”

“கணக்கு முடிஞ்சுட்டா அப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டு அவகிட்டப் போறது?”

என்னிடம் பதில் இல்லை. பாக்கி இருக்கிற வரைக்கும்தானே கடைப்பக்கம் போக்குவரத்து இருக்கும் என்று பலசரக்குக்கடை நியாயம் ஒன்று மனதில் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை நோட்டு என் நாற்காலிமேல் இருந்தது. இரட்டைக் கோட்டுக்குக் கீழே, நான் கட்டியிருந்த கட்டங்களை மதிக்காமல், ஒரு வரி. எட்டாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போன கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் குச்சி அடுக்கின மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

‘28. இவுக இந்த நோட்டை பரண்ல தூக்கி போட்டா மாவிலக்கு ஒன்னு.’

கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றினேன். ‘நோட்டை’க்குப் பக்கத்தில் ஒற்று. ‘தூக்கி’க்குப் பக்கத்தில் ஒற்று. ‘ஒன்னு’வில் றன்னகரம். எல்லாவற்றுக்கும் மேலாக மாவிலக்கு. மாவை விலக்கிவிட்டால் அப்புறம் எதில் விளக்குப் போடுவது? புரை நீக்கிய கண்ணுக்கு அந்த லகரம் திருஷ்டிப்பொட்டு மாதிரி தெரிந்தது. நிப்பு காகிதத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பேனாவை மூடி வைத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, நோட்டைப் பரணில், பழைய அண்டாவுக்குப் பின்னால் எறிந்தேன். இறங்கும்போது ஸ்டூல் ஆடியது, விழவில்லை.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, நோட்டு எங்க?”

“பரண்ல.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அரிசி டப்பா திறக்கிற சத்தம்.

“அப்ப வர்ற வெள்ளிக்கு மாவிளக்குப் போடணும். பச்சரிசி இருக்கான்னு பாக்கேன்.”

சொல்லும்போது ளகரம் சுத்தமாகத்தான் வந்தது.